ஆறிப்போன டீ

கிருஷ்ணகிரி,
மே 18

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தாமதத்துக்கு வெயில்தான் காரணம் என்றால் நம்ப மாட்டாய். பழையபேட்டையில் ஒரு ராத்திரி படுத்துப் பார், தெரியும். மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் காய்ந்துவிட்டு, அந்தச் சூட்டை ராத்திரி எங்கள் மொட்டைமாடியில் கொட்டுகிறது. கத்திரி முடிய இன்னும் பத்து நாள். அம்மா நலம். பெரியவள் பிளஸ் டூ பாஸ். மார்க்கை நேரில் சொல்கிறேன். போர் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது.

சரி, ஐஸ் டீ விஷயத்துக்கு வருகிறேன். போட்டால் கசக்கிறது, ஃபிரிட்ஜில் வைத்தால் கலங்கிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். எனக்கும் அப்படித்தான் ஆனது. எல்லாம் நம் கைப்பழக்கம். டீ என்றாலே தூளைப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டுப் பழகியவர்கள் நாம். பால் டீக்கு அது சரி, துவர்ப்பைப் பால் மறைத்துவிடும். பால் இல்லையென்றால் அது அப்படியே நாக்கைப் பிடிக்கிறது.

அதனால் இப்போது ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் தூள் போடுகிறேன். டஸ்ட் இல்லை, இலைத் தூள், நாலு டீஸ்பூன். மூடிவைத்து ஐந்தே நிமிஷம். வடிகட்டும்போது சக்கையைக் கரண்டியால் அமுக்கத் தோன்றும், அடக்கிக்கொள். சர்க்கரை அரை டம்ளர், சூட்டிலேயே கரைத்துவிட வேண்டும். ஆறினபின் போட்டால் அடியில் மணலாகத் தங்கி, கடைசி வாய் மட்டும் பாயசமாக இருக்கும். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவும் போடுகிறார்கள். போட்டுப் பார்த்தேன், துவர்ப்பு அடங்கியது. மறுநாள் கை கொஞ்சம் தாராளமாகி, சோப்புத் தண்ணீர் குடித்தோம்.

கலங்குவதற்குப் பயப்படாதே. டீயில் இருக்கும் காஃபீனும் துவர்ப்புச் சத்தும் குளிரில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான் அது. ஒரு கரண்டி வெந்நீர் விட்டால் தெளிந்துவிடும். சூட்டோடு ஃபிரிட்ஜில் தள்ளாமல் வெளியில் ஆறவிட்டு வைத்தால் அவ்வளவாக வராது. கடை ஐஸ் வாங்காதே. நான் அந்த டீயிலேயே கொஞ்சம் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிடுகிறேன். கரைந்தாலும் டம்ளரில் டீதான் இருக்கும்.

எலுமிச்சை விலை கேட்டால் தலை சுற்றுகிறது. நம் ஊரில் மாங்காய்க்கா பஞ்சம்? ஒரு பெங்களூரா காயைத் தோல் சீவி, சர்க்கரையோடு கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து வடிகட்டிச் சேர்த்தேன். எலுமிச்சை பிழிந்தால் டீ நிறம் வெளுக்குமே, அதே மாதிரி கறுப்பு டீ கண்ணெதிரே செம்மண் நிறத்துக்கு இறங்கியது. வாசனைக்கு இரண்டு புதினா இலை.

அம்மாவிடம் நீட்டினால், "ஆறிப்போன டீயைக் குடுக்கறதுக்கு ஒரு பேரா?" என்றாள். நானும் விடவில்லை. 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் நம் இந்தியத் தேயிலையை விற்க வந்த பிளெச்சின்டன் என்ற வெள்ளைக்காரர், வெயிலில் சுடுடீயை யாரும் சீந்தாததால் ஐஸ் போட்டுக் கொடுத்தார், கூட்டம் அம்மியது என்று கதை சொன்னேன். (அவர்தான் கண்டுபிடித்தார் என்பது சும்மா. 1879இலேயே அங்கே வர்ஜீனியாச் சமையல் பற்றிய ஒரு புத்தகத்தில் ஐஸ் டீ செய்முறை அச்சாகியிருக்கிறது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை.) முழுக்கக் கேட்டுவிட்டு, "வெள்ளைக்காரன் பானகம் குடிச்சதில்ல போல" என்றாள். டம்ளர் மட்டும் காலியாக இருந்தது. சாயங்காலம் அவளே ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம், நீலகிரித் தூள் குளிரிலும் அதிகம் கலங்காது என்று பெயர் வாங்கியது. நீ கோவையில் இருக்கிறாய், அங்கே சுலபமாகக் கிடைக்கும். பழம் தின்ன அடுத்த மாதம் வருவாய் அல்லவா, அரைக் கிலோ இலைத் தூள் வாங்கி வா. டஸ்ட்டைக் கட்டிக்கொண்டு வந்தால் உனக்குக் கொதிக்கிற டீதான்.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்