அச்சு நட்டும் டார்க் ரெஞ்சும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பஞ்சர் ஒட்டிய பின், மோட்டார் சைக்கிளின் பின்சக்கர அச்சு நட்டை, ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகி ஏறி மிதித்து முறுக்கும் வழக்கம் சாலையோரக் கடைகளில் சாதாரணமாகிவிட்டது. என் வண்டியில் அடுத்த முறை கழற்றியபோது மரை உரிந்து நட்டோடு வந்தது. கையேட்டில் முறுக்கு விசை (டார்க்) 90 நியூட்டன் மீட்டர் என்றிருந்தால், 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் ஏறத்தாழ 30 கிலோ எடை அழுத்துவதற்கு அது சமம். 60 கிலோ ஆள் குழாயில்லாமல் ஏறி நின்றாலே இருமடங்காகிவிடும். குறைவாக முறுக்கினாலோ நட்டு தளர்ந்து சக்கரம் ஆடும். நட்டு கழலாமல் பூட்டும் வளைகம்பியான காட்டர் பின்னில் பழையதையே நிமிர்த்தி மறுபடி மாட்டுவது தனிக் கொடுமை. முறுக்கு விசையை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் எதற்கு, பழகிய கைக்கு அளவு தெரியும் என்கிறார் எங்கள் மெக்கானிக். காற்றழுத்தத்தை மட்டும் ஏன் மீட்டர் வைத்துப் பார்க்கிறார்? சர்வீஸ் ரசீதில் முறுக்கிய அளவையும் குறிப்பிடுமாறு போக்குவரத்துத் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், திருப்பூர்