கென்யத் தொழிலாளியின் சேமிப்புக்கு யார் காவல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசிப் பணம் வந்தபிறகு கென்யாவில் வங்கிகளுக்கே வேலையில்லாமல் போய்விட்டது என்ற பொருளில் உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் நைரோபியின் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு தொழிற்சாலையில் பல வருடங்களாகச் சம்பளக் கணக்குப் பார்க்கிறவன். எம்-பெசா என்ற அந்தக் கைபேசிப் பணச் சேவையைப் பற்றிக் கட்டுரையாளர் பாராட்டி எழுதியது நியாயம்தான். 2007 மார்ச்சில் சஃபாரிகாம் என்ற தொலைபேசி நிறுவனம் அதைத் தொடங்கும் முன், கிராமத்துக்குப் பணம் அனுப்ப பஸ்காரர்களை நம்பியிருந்தவர்கள் இங்கே ஏராளம். ஆனால் வங்கி தேவையில்லை என்பது தவறு. எம்-பெசாவில் நாம் வைத்திருக்கும் பணம் வணிக வங்கிகளில், வாடிக்கையாளர்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் தனிக் கணக்குகளில்தான் இருக்கிறது. 2012-ல் வந்த எம்-ஷ்வாரியும் போன் வழியாக இயங்கும் வங்கிக் கணக்கே.

அந்த வங்கிகளின் நிலைமையைக் கட்டுரை தொடவே இல்லை. நாற்பதுக்குச் சற்றுக் குறைவான வணிக வங்கிகள் இங்கே உண்டு. மத்திய வங்கி அவற்றைப் பெரியவை, நடுத்தரம், சிறியவை என்று மூன்றாகப் பிரிக்கிறது. சந்தையின் பெரும்பங்கு ஈக்விட்டி, கே.சி.பி., கோ-ஆபரேட்டிவ் போன்ற பெரிய வங்கிகளின் கையில். 2015 ஆகஸ்டில் துபாய் பேங்க், அக்டோபரில் இம்பீரியல் பேங்க், 2016 ஏப்ரலில் சேஸ் பேங்க் என்று வரிசையாக முடங்கியபோது, சிறிய வங்கியில் போட்டிருந்தவர்கள் பணத்தைத் தூக்கிக்கொண்டு பெரிய வங்கிகளுக்கு ஓடினார்கள். அப்போது வங்கி மூழ்கினால் கிடைக்கும் டெபாசிட் காப்பீடு ஒருவருக்கு ஒரு லட்சம் ஷில்லிங்தான். 2020-ல் அதை ஐந்து லட்சமாக்கினார்கள். அப்புறம், வங்கிகளின் குறைந்தபட்ச மூலதனத்தை 100 கோடி ஷில்லிங்கிலிருந்து படிப்படியாக 1,000 கோடியாக உயர்த்த 2024 கடைசியில் சட்டமும் வந்துவிட்டது. இதெல்லாம் வரவேற்க வேண்டியதே.

என் கவலை வேறு. என் மேஜைக்கு வரும் தொழிலாளர்களில் பெரும்பாலோருடைய உண்மையான சேமிப்பு வங்கியில் இல்லை, சாக்கோவில் இருக்கிறது. சாக்கோ என்பது இங்குள்ள கூட்டுறவு சேமிப்பு, கடன் சங்கம். மாதாமாதம் சம்பளத்திலேயே பிடித்து, நான்தான் சங்கத்துக்கு அனுப்புகிறேன். பேஸ்லிப்பில் வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்குக் கீழே அந்த ஒரு வரி இருக்கும். தன் டெபாசிட்டைப் போல மூன்று மடங்கு வரை கடன் வாங்கலாம் என்பது பல சங்கங்களின் வழக்கம். அடமானம் கிடையாது. சக தொழிலாளிகள் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டும். கடன் வாங்கியவர் வேலையை விட்டுப் போனால் ஜாமீன் போட்டவர்களின் டெபாசிட்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். மோல்டிங் பிரிவில் வேலைசெய்யும் ஒரு பெரியவர், ஓடிப்போன இரண்டு பேருக்காகத் தன் சேமிப்பில் பெரும்பகுதியை இப்படி இழந்தார். அதற்குப் பிறகும் இன்னொரு தொழிலாளி ஜாமீன் படிவத்தை நீட்டியபோது, ‘பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டணும்னு கேட்கிறான், எப்படி முடியாதுன்னு சொல்ல’ என்று என் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டார். இந்த நம்பிக்கையின் மேல்தான் அந்த அமைப்பே நிற்கிறது. வீடு, நிலம், கல்லூரிப் படிப்பு எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

இவ்வளவு பேரின் பணத்துக்கு அரசு போட்டிருக்கும் காவல் என்ன? வங்கிகளை மத்திய வங்கி பார்க்கிறது. காப்பீட்டுக்கு, ஓய்வூதியத்துக்கு, பங்குச் சந்தைக்குத் தனித்தனி ஆணையங்கள். பெரிய சாக்கோக்களுக்கு ‘சாஸ்ரா’ என்ற ஆணையம், மற்றவற்றுக்குக் கூட்டுறவுத் துறை. ஐந்து லட்சம் ஷில்லிங் காப்பீடு வங்கி டெபாசிட்டுக்கு மட்டும்தான். சாக்கோ உறுப்பினர்களுக்கும் ஒரு டெபாசிட் உத்தரவாத நிதி வேண்டும் என்று 2008-லேயே சட்டத்தில் எழுதிவிட்டார்கள். அதை நடைமுறைக்குக் கொண்டுவருவதை மட்டும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

அதன் விலை என்ன என்பதை குஸ்கோ விவகாரம் காட்டியது. சாக்கோக்களின் தேசிய ஒன்றியம் அது. உபரிப் பணத்தைப் பல சங்கங்கள் அங்கேதான் போட்டுவைத்தன. தடயவியல் தணிக்கையில் 1,300 கோடி ஷில்லிங்குக்கும் மேல் முறைகேடு என்று வெளிவந்தது. அந்தப் பணம் ஒன்றியத்தின் சொந்தப் பணம் இல்லை. நட்டத்தைத் தங்கள் கணக்கில் ஏற்றவேண்டிய நிலை சங்கங்களுக்கு வந்தது. ஆசிரியர்கள், நர்சுகள், தொழிலாளிகள் என்று பேஸ்லிப்பில் அந்த ஒரு வரியோடு மாதம் கழிக்கிறவர்களின் பணம்தான் அது.

என்னைக் கேட்டால், வங்கி மூலதனத்தைப் பத்து மடங்கு ஆக்குவதற்கு முன்னால் இந்த உத்தரவாத நிதியைத் தொடங்கியிருக்க வேண்டும். பெரிய வங்கியில் பணம் வைத்திருப்பவருக்கு ஏற்கெனவே பாதுகாப்பு இருக்கிறது. சாக்கோவுக்காகச் சம்பளத்தில் பிடித்த தொகையைக் காலத்தில் அனுப்பாமல் தங்கள் செலவுக்குத் திருப்பிவிடும் முதலாளிகள் மீதும் கடுமை காட்டவேண்டும். அப்படிப்பட்ட ஓர் இடத்தில் நான் முன்பு வேலை பார்த்திருக்கிறேன். பேஸ்லிப்பில் கழித்தாகிவிட்டது, சங்கத்தில் வரவு இல்லை, அவசரக் கடன் கேட்டவருக்குக் கைவிரிப்பு. அந்த முகங்களைப் பார்த்துப் பதில் சொல்லவேண்டியவன் கணக்காளன்தான்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் தொழில் நடத்தும் தமிழர்களும் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கென்யாவைப் பற்றி அடுத்த கட்டுரை போடும்போது, சாக்கோக்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணக்காளர்,
நைரோபி