‘மான்ஸ்டர்’ தொடரை உருவாக்கியவர்களுக்கும் வெளியிட்டவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கும், ‘மான்ஸ்டர்’ தொடரின் படைப்பாளர்களான ரயன் மர்ஃபி, இயன் பிரென்னன் ஆகியோருக்கும்,

வணக்கம்.

அமெரிக்கக் கொலைகாரர் எட் கீனின் கதை என்று சொல்லி 2025 அக்டோபர் 3 அன்று நீங்கள் வெளியிட்ட மூன்றாவது சீசனின் எட்டுப் பகுதிகளையும் பார்த்து முடித்த சந்தாதாரர்களில் நானும் ஒருவர். குற்றக் கதைகளை விரும்பிப் பார்க்கிற எனக்கு, இத்தகைய தொடர்களே வரக் கூடாது என்று வாதாடும் எண்ணம் இல்லை. இந்த சீசனுக்கு எழுந்த எதிர்வினைகளுள் ஒன்றை மட்டும் நீங்கள் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

கீனாக நடித்த சார்லி ஹன்னத்தின் மெலிந்த குரலையும் ஒடுங்கிய உடல்மொழியையும், மகனைப் பாவ பயத்தாலேயே கட்டிப்போடும் தாயாக லாரி மெட்கால்ஃப் காட்டிய உக்கிரத்தையும் பலர் பாராட்டினார்கள். அது தகுதியான பாராட்டுதான். கோரம் தாங்காமல் பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு. கொலைகாரனுக்காக இரங்கச் சொல்கிறீர்களே என்று கோபப்பட்டவர்களும் உண்டு. இவற்றுக்கெல்லாம் ரசனை வேறுபாடு என்று நீங்கள் விடை சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லிக் கடந்துவிட முடியாத எதிர்வினை வேறொன்று. ஒவ்வொரு பகுதியும் முடிந்தவுடன் ‘இது உண்மையிலேயே நடந்ததா’ என்று ஆயிரக்கணக்கானோர் தேடினார்கள். தேடிப் பார்த்தபின், தாங்கள் நம்பியதில் பாதிக்கு மேல் ஆவணத்தில் இல்லை என்று கண்டு மனம் கசந்தார்கள். அவர்களுடைய கசப்பில் நியாயம் இருக்கிறது என்பதே என் வாதம்.

ஆவணம் சொல்வது இதுதான். விஸ்கான்சின் மாநிலத்தில் பிளெயின்ஃபீல்ட் என்ற சிற்றூரில், மான் வேட்டைக் காலம் தொடங்கி ஆண்களில் பெரும்பாலோர் காட்டுக்குப் போய்விட்ட 1957 நவம்பர் 16 அன்று, ஹார்டுவேர் கடை நடத்திவந்த பெர்னிஸ் வோர்டன் காணாமல் போனார். வேட்டையிலிருந்து திரும்பிய அவருடைய மகன் ஷெரீஃபின் துணை அதிகாரியாக இருந்தவர். கடைத் தரையில் ரத்தத்தையும், கார் என்ஜினில் நீர் உறையாமலிருக்க ஊற்றும் திரவத்துக்காகக் கடைசியாக எழுதப்பட்ட ரசீதையும் கண்ட அந்த மகன்தான் எட் கீனின் பெயரைச் சொன்னார். பண்ணை வீட்டில் பெர்னிஸின் உடல் கிடைத்தது. 1954இல் காணாமல் போன, மதுக்கடை நடத்திய மேரி ஹோகனின் எச்சங்களும் கிடைத்தன. மற்ற உடல் பகுதிகள் கல்லறைகளிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டவை. கொலைகள் என்று உறுதிப்பட்டவை இந்த இரண்டு மட்டுமே. கீனுக்கு மனச்சிதைவு நோய் இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். 1968இல் நடந்த விசாரணைக்குப் பிறகும் மனநல மருத்துவமனையிலேயே இருந்து 1984இல் இறந்தார்.

இதற்குமேல் நீங்கள் சேர்த்தவற்றில் சிலவற்றை என்னால் ஏற்க முடிகிறது. மனநல மருத்துவமனையில் கழிந்த பிற்காலத்தில் ஒரு நோயுற்ற மனம் கண்ட மாயைகளை மாயைகளாகவே காட்டியது ஒரு கலைஞனின் உரிமை. 1944இல் தீப்பிடித்த புதர்நிலத்தில் அண்ணன் ஹென்றி இறந்ததை நேரடிக் கொலையாகக் காட்டியதைக்கூட, அந்த ஐயம் அந்த ஊரிலேயே நெடுநாள் உலவியது என்பதால் ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். பெர்னிஸ் வோர்டனுக்கு நீங்கள் செய்ததைப் பொறுக்க முடியவில்லை. தன் கடையில், தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்ட அந்த 58 வயது விதவையை, கொலைகாரனோடு உடலுறவு கொண்ட பெண்ணாகக் காட்டியிருக்கிறீர்கள். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. லெஸ்லி மேன்வில் போன்ற தேர்ந்த நடிகை அந்தப் பாத்திரத்தை ஏற்றதால் பொய் இன்னும் நம்பும்படியாகிவிட்டது. கொல்லப்பட்டவரும் ஏதோ ஒருவகையில் தானாக வலையில் விழுந்தவர்தான் என்ற பழைய அவதூறு, கொலை நடந்து 68 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் பெயரோடு உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

எவலின் ஹார்ட்லி விஷயம் இதைவிடக் கொடியது. 1953 அக்டோபரில், லா கிராஸ் நகரில் ஒரு பேராசிரியர் வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்த பதின்வயதுச் சிறுமி அவர். இரவில் தொலைபேசிக்குப் பதில் வராததால் அந்த வீட்டுக்கு ஓடிய தந்தை கண்டது, மகளின் மூக்குக்கண்ணாடியையும் காலணியையும் ரத்தக் கறைகளையும்தான். பெருந்திரளான மக்கள் சேர்ந்து தேடியும் அவர் கிடைக்கவில்லை. இன்றுவரை உடலும் கிடைக்கவில்லை, குற்றவாளியும் தெரியவில்லை. கீன் பிடிபட்டபோது இந்த வழக்கைப் பற்றியும் அவரிடம் விசாரித்தார்கள். அவரை இதோடு இணைக்கும் சான்று எதுவும் கிடைக்கவில்லை. நீங்களோ, கீன் அந்தச் சிறுமியைக் கடத்திக் கொல்வதை, அவருடைய உண்மையான பெயரிலேயே, விரிவான காட்சியாக எடுத்திருக்கிறீர்கள். அக்காட்சிக்குச் சான்றில்லை என்பதைத் தொடருக்கு வெளியே தேடித்தான் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. தேடாதவர்களின் மனத்தில் அந்த வழக்கு முடிந்துவிட்டது. தீராத ஒரு வழக்குக்கு நீங்கள் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அதனால் உண்மையான குற்றவாளி பார்வையாளரின் நினைவிலிருந்தே தப்பிவிடுகிறான். இதைச் செய்யும் அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தது?

கற்பனைச் சுதந்திரம் என்று நீங்கள் சொல்லக்கூடும். அதற்கான பதில் உங்கள் தொடருக்குள்ளேயே இருக்கிறது. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1960இல் ‘சைக்கோ’ படத்தை எடுத்ததை நீங்களே காட்டுகிறீர்கள். அந்தப் படத்துக்கு மூலமான நாவலை எழுதிய ராபர்ட் பிளாக், பிளெயின்ஃபீல்டுக்கு அதிகத் தொலைவில்லாத ஊரில் அப்போது வசித்தவர். கீன் வழக்கிலிருந்து ஒரு பொறியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஊரையும் பெயரையும் கதையையும் புதிதாகப் படைத்தார். நார்மன் பேட்ஸ் என்ற பாத்திரம் யாரைக் கொன்றாலும் உண்மையில் வாழ்ந்த எந்தப் பெண்ணின் பெயருக்கும் அது கறையாகவில்லை. உண்மைப் பெயரைக் கைவிட்டவர்களுக்குக் கற்பனையில் எல்லை தேவைப்படவில்லை. உண்மைப் பெயர் தரும் விளம்பர வலிமையையும் கற்பனையின் முழுச் சுதந்திரத்தையும் ஒருசேர வைத்துக்கொள்ள நினைத்ததுதான் உங்கள் பிழை.

தமிழ்நாட்டிலிருந்து எழுதுவதால், இங்கே எழுந்த ஒரு வழக்கை நினைவூட்ட விரும்புகிறேன். மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கர் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவதை அதிகாரிகள் தடுக்க முயன்றபோது, அதன் ஆசிரியர் ஆர்.ராஜகோபால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1994இல் வந்த தீர்ப்பு, வெளியீட்டை அரசு முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது. பொது ஆவணங்களில் உள்ள அளவுக்கு ஒருவருடைய வாழ்க்கையை அவர் இசைவு இல்லாமலேயே வெளியிடலாம் என்றும், அதைத் தாண்டினால் அது அந்தரங்க உரிமையில் கைவைப்பதாகி விளைவுகளுக்குப் பொறுப்பேற்க நேரலாம் என்றும் அது சொன்னது. அந்தத் தீர்ப்பு உங்கள் நாட்டில் செல்லாது. இறந்தவர் பெயருக்காக அவதூறு வழக்குத் தொடரவும் அமெரிக்கச் சட்டத்தில் பொதுவாக வழியில்லை. ஆனால் ஆவணம் எங்கே முடிகிறது என்று கேட்கும் அந்த அளவுகோல், எந்த நாட்டுக் கதைசொல்லிக்கும் பயன்படக்கூடிய நேர்மையான அளவுகோல்.

2022இல் வந்த முதல் சீசனின்போதே இந்த எதிர்வினை தொடங்கிவிட்டது. ஜெஃப்ரி டாமரால் 1978 முதல் 1991 வரை கொல்லப்பட்ட 17 பேரில் ஒருவருடைய சகோதரி, 1992இல் நீதிமன்றத்தில் தான் கதறிய கதறலை அப்படியே ஒரு நடிகையைக் கொண்டு மறுபடி எடுத்திருந்ததைக் கண்டு, தன்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். குடும்பத்தினரும் நண்பர்களுமாக ஏறத்தாழ 20 பேரை அணுகியதாகவும் ஒருவரும் பதிலளிக்கவில்லை என்றும் திரு. மர்ஃபி விளக்கமளித்தார். பதில் வராததை இசைவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆயினும் அந்த சீசனில் ஒரு பெரும் நன்மை இருந்ததை மறைக்க மாட்டேன். லாவோஸிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தின் 14 வயதுச் சிறுவனை மில்வாக்கிக் காவலர்கள் கொலைகாரனிடமே திருப்பி ஒப்படைத்ததும், கிளெண்டா கிளீவ்லாண்ட் என்ற கறுப்பினப் பெண் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் எச்சரித்தும் அவர் சொல் எடுபடாமல் போனதும் ஆவணத்தில் உள்ளவை. ஆவணத்தின் மீது ஊன்றி நின்ற அந்தக் காட்சிகள்தான் இன்றும் நெஞ்சில் நிற்கின்றன.

கோரத்தைப் பார்க்கும் ஆசையைத் தூண்டியது நீங்கள் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். கீனின் காரை 760 டாலருக்கு ஏலத்தில் எடுத்த ஒருவர், 25 சென்ட் கட்டணம் வாங்கி அதைக் காட்சிக்கு வைத்தது 1958இலேயே நடந்தது. ஆனால் அந்தக் கார் உண்மையான கார். கண்ணை விலக்காமல் பார்ப்பது நீங்கள்தானே என்று பார்வையாளரை நோக்கி விரல் நீட்டும் தொடர், பார்வைக்கு வைத்த பொருள் எப்படிப்பட்டது என்பதையும் அதே பார்வையாளருக்குச் சொல்லக் கடமைப்பட்டது. என்ன நடந்தது என்று தேடி அலைந்தவர்கள், வெறும் கோரப் பசியோடு வந்தவர்கள் அல்லர். பெர்னிஸும் எவலினும் யார் என்று தெரிந்துகொள்ள முயன்றவர்கள் அவர்கள்.

அடுத்த சீசன் லிஸ்ஸி போர்டனைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். 1892 ஆகஸ்ட் 4 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபால் ரிவர் நகரில் அவருடைய தந்தையும் சிற்றன்னையும் கோடாலியால் கொல்லப்பட்டு, அவர் மீதே குற்றம் சாட்டப்பட்ட வழக்கு அது. கீனாவது குற்றத்தை ஒப்புக்கொண்டவர். லிஸ்ஸி போர்டனோ ஒப்புக்கொள்ளவும் இல்லை, தண்டிக்கப்படவும் இல்லை. எனவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: பெயர் தெரிந்த ஒருவர் மீது சான்றில்லாத கொலையையோ உறவையோ ஏற்றிச் சொல்வதாக இருந்தால், அப்பாத்திரத்தின் பெயரை மாற்றுங்கள். மாற்ற முடியாதென்றால், ஒவ்வொரு பகுதியிலும் எது ஆவணம், எது உங்கள் ஊகம் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். லிஸ்ஸி போர்டன் கோடாலியை ஓங்குவதாக நீங்கள் காட்டினால், 1893 ஜூன் 20 அன்று நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்ததை அதே பகுதியின் தொடக்கத்தில், எல்லோரும் படிக்கக்கூடிய அளவிலான எழுத்தில், திரையில் போடுங்கள். மூன்றாவது சீசனில் எவலின் ஹார்ட்லி கொல்லப்படும் பகுதிக்கும் அத்தகைய ஓர் அறிவிப்பை இப்போதே சேர்க்க உங்களால் முடியும். அதைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தொடரை முழுவதும் பார்த்த ஒரு சந்தாதாரர்