கல்பாசியும் குறிஞ்சியும்

காரைக்குடி

அன்புள்ள செல்விக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகக் கொடைக்கானல் போயிருந்தேன். மறுநாள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் நடந்தேன். சரிவில் குறிஞ்சிப் புதர்களைக் காட்டினேன். "பூ எங்கே அப்பத்தா?" என்றாள். 2030-இல் என்றதும் முறைத்தாள் பார்!

2006-இல் நாம் இரண்டு பேரும் மலையே நீலமாய்க் கிடந்ததைப் பார்த்தோமே, அந்தச் செடி ஒன்றுகூட இப்போது இல்லை. பன்னிரண்டு வருஷம் இலையோடு நின்று, எல்லாம் ஒன்றாய்ப் பூத்து, விதையைக் கொட்டிவிட்டுச் செத்துப்போகிற ஜாதி அது. மொத்தமாகக் கொட்டினால் தின்னுகிற பூச்சி, பறவைக்குப் போக மிச்சம் முளைக்குமாம். அந்தப் பிள்ளைகள் 2018-இல் பூத்து அதுவும் போயிற்று. இப்போது நிற்பது பேரன் பேத்திகள்!

பக்கத்து மரத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கல்பாசி ஒட்டியிருந்தது. மேலே சாம்பல், புரட்டினால் கருப்பு. நம் அஞ்சறைப்பெட்டிச் சரக்கேதான். வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளருமாம். நாம் வந்த வருஷமே அது அங்கே இருந்திருக்கலாம்.

இந்திக்காரர்கள் அதைக் 'கல்பூ' என்கிறார்கள். அதற்கேது பூ! அது செடியே இல்லை, செல்வி. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்துகிற குடித்தனம். வீடு பூஞ்சையுடையது, வெயிலை வைத்துச் சமைப்பது பாசி. வேர் கிடையாது, பனியையும் மழையையும் உடம்பாலேயே குடிக்கும். காய்ந்தால் சருகு, நனைந்தால் மறுபடி உயிர். விதையும் இல்லை. ஓரத்தில் மாவு மாதிரித் துகள் இருக்கும்; ஒவ்வொன்றிலும் பூஞ்சையோடு பாசியும் கூடவே போகும். மகளை அனுப்பும்போதே சமையற்காரியையும் அனுப்பின மாதிரி. காற்றோடு போய் எந்தப் பட்டையிலாவது ஒட்டிக்கொள்ளும்.

குறிஞ்சிக்குப் பாட்டு, தபால்தலை, கேரளாவில் சரணாலயம் எல்லாம் உண்டு. கல்பாசிக்கு என்ன இருக்கிறது, நம் வாணலிதான். காற்று கெட்ட ஊரில் கல்பாசி வகைகள் முதலில் மறையும் என்கிறார்கள். யார் கவனிக்கிறார்கள்?

மரத்திலிருந்ததைப் பேத்தி பிய்க்கப் பார்த்தாள், விடவில்லை. கடையில் நூறு கிராம் வாங்கினேன். பாதி உனக்கு. மண் இருக்கும், உதறிவிட்டு எண்ணெய் காய்ந்ததும் போடு. அப்போதுதான் வாசனை வரும். 2030-க்கு உன் முழங்காலைத் தேற்றி வை. டிக்கெட் என் செலவு.

அன்புடன்,
வள்ளி