அண்ணனின் சட்டைப்பையில் இருந்த படம்

அன்புள்ள மூன்றாம் மேசைக்கு,

உன் கடைசிக் கடிதம் வந்து பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. பதில் எழுதாததற்கு வேலையைக் காரணமாகச் சொன்னால் நீ நம்பமாட்டாய், நானும் சொல்லப்போவதில்லை. உன் மகள் பட்டம் பெற்ற செய்தி உன் தம்பி மூலம் தெரிந்தது. அவளுக்கு என் வாழ்த்தைச் சொல். உன் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலமாக இருக்கிறேன். நலம் விசாரிப்பதை இத்தனை அவசரமாக முடிப்பதற்குக் காரணம், அண்ணனைப் பற்றி உனக்கு எழுதியாக வேண்டும் என்பதுதான்.

அண்ணனுக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்று ஐந்து மாதங்களுக்கு முன்பு உறுதியாயிற்று. மருத்துவர்கள் நம்பிக்கையோடு பேசுகிறார்கள், மருந்து கேட்கிறது. நோயைப் பற்றிய பயம் எனக்கு மெல்லப் பழகிவிட்டது. பழகாமல் இருப்பது, நான் என் கையால் அவருக்கு வரைந்து கொடுத்த ஒரு படம்.

பெட் ஸ்கேன் எடுத்த அன்று நான்தான் அவருடன் போயிருந்தேன். ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு இருந்தவருக்குக் குளுக்கோஸைப் போன்ற ஒரு கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, ஒரு மணி நேரம் பேசாமல், அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். அசைந்தால் தசையும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும், படம் கெட்டுவிடும் என்பது நமக்குத் தெரியும். அவருக்கு அது யாரோ விதித்த தண்டனையைப் போல இருந்தது. பிறகு திரையில் படத்தைக் காட்டினார்கள். கழுத்தின் இடப்புறம் இரண்டு, மார்பின் நடுவில் ஒன்று என மூன்று இடங்கள் ஒளிர்ந்தன. அவற்றைவிட அதிகமாக மூளையும் சிறுநீர்ப்பையும் ஒளிர்ந்ததைப் பார்த்து அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். மூளை எவருக்கும் அப்படித்தான் ஒளிரும், அது குளுக்கோஸை நம்பி வாழும் உறுப்பு, சிறுநீர்ப்பையில் தெரிவது வெளியேறிக்கொண்டிருக்கும் மருந்து என்று சொல்லித் தேற்றினேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் அது என்ன மருந்து என்று கேட்டார். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. குளுக்கோஸின் இரண்டாம் கார்பனில் இருக்கும் ஹைட்ராக்சிலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கதிரியக்கம் உள்ள ஃப்ளூரின்-18ஐப் பொருத்தியிருக்கிறார்கள் என்றேன். செல் அதை உண்மையான குளுக்கோஸ் என்று நம்பி உள்ளே விடுகிறது. முதல் நொதி அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை மாட்டுகிறது. அடுத்த நொதியோ அதைத் தொட முடியாமல் கைவிட்டுவிடுகிறது. உள்ளே வந்தது வெளியே போகவும் முடியாமல், செரிக்கவும் முடியாமல் சிக்கிக்கொண்டு ஒளிர்கிறது. ஃப்ளூரினின் அரை ஆயுள் ஏறத்தாழ 110 நிமிடங்களே என்பதால் மறுநாளுக்குள் எல்லாம் அடங்கிவிடும் என்றும் சொன்னேன். அவர் புரிந்துகொள்வதற்காக ஒரு தாளில் வாயைப் பிளந்த ஒரு செல்லையும், அதன் வாய்க்குள் போகும் சர்க்கரைத் துணுக்குகளையும் வரைந்து, கீழே “இது சர்க்கரையைத் தின்று வளர்கிறது” என்று எழுதிக் கொடுத்தேன்.

மூன்று மாதங்களில் அவர் எடை 71 கிலோவிலிருந்து 62 கிலோவுக்கு இறங்கியது. மருந்தின் விளைவு என்றே எல்லோரும் நினைத்தோம். அடுத்த தவணையைத் தள்ளிவைக்க வேண்டிய நிலை வந்தபோது மருத்துவர் துருவிக் கேட்டார். அண்ணன் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து, மடிப்புகளை நீவி, மேசைமேல் விரித்து வைத்தார். என் வரிக்குக் கீழே அவர் கையெழுத்தில் “இதை நிறுத்தினால் அது சாகும்” என்று இருந்தது. முதலில் இனிப்பை நிறுத்தியிருக்கிறார், பிறகு பழத்தை, பிறகு வயிறு நிறைய உண்பதையே. மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் இத்தனை ஆண்டுகள் கற்பித்ததெல்லாம் அந்தப் பார்வையில் கணக்குக் கேட்கப்பட்டது போல இருந்தது.

நான் எழுதியது பொய்யாக இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டு முடித்திருக்கலாம். அது பாதி உண்மை. ஆய்வகத்தில் நம் மேசைமேல் நின்ற, வாயுவின் அழுத்தத்தை அளக்கும் அந்தக் கண்ணாடி மானோமீட்டரை நினைத்துக்கொள் (அதை உடைத்தது நீதான், இதில் என் நிலைப்பாடு மாறவில்லை). அதே வகைக் கருவியைக் கொண்டுதான் ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920களில் பெர்லினில் எலியின் புற்றுக்கட்டியை மெல்லிய சீவல்களாகச் சீவி, குடுவைக்குள் இட்டு, திரவம் ஏறி இறங்குவதை அளந்தார். காற்று தாராளமாக இருந்தபோதும் அந்தச் சீவல்கள் குளுக்கோஸை அள்ளி எடுத்து, மூச்சிரைக்க ஓடும் தசையைப் போல, லாக்டிக் அமிலமாக வெளியே தள்ளின. ஒரு குளுக்கோஸ் மூலக்கூற்றைச் செல்லின் ஆற்றல்கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் முழுவதும் எரித்தால், செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி ஏறத்தாழ 30 கிடைக்கும். பாதியில் நிறுத்தி லாக்டேட்டாக, அதாவது அந்த லாக்டிக் அமிலமாக, மாற்றினால் நிகரமாகக் கிடைப்பது இரண்டு. பெருந்தீனி தின்றும் இத்தனை குறைந்த ஆற்றலைப் பெறும் ஒரு செல், தன் சுவாச உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவைச் சேதப்படுத்திக்கொண்டதாகத்தான் இருக்க வேண்டும் என்று வார்பர்க் முடிவு கட்டினார். அந்தச் சேதமே புற்றின் மூலகாரணம் என்று 1956இலும் எழுதினார்.

அவர் கண்டது சரி. சொன்ன காரணம் பெரும்பாலும் தவறு. பெரும்பாலான புற்றுச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா நன்றாகவே வேலை செய்கிறது. அப்படியானால் ஏன் இந்த ஊதாரித்தனம் என்ற கேள்விக்கு நான் அண்ணனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒன்று உண்டு. ஒரு மரத்தை முழுவதும் எரித்துவிட்டால் வெப்பம் கிடைக்கும், கதவும் சட்டமும் செய்ய மரம் மிஞ்சாது. இரண்டாகப் பிரிய வேண்டிய செல்லுக்கு ஆற்றலைக் காட்டிலும் அவசரத் தேவை கட்டுமானப் பொருள்: இன்னொரு முழு டிஎன்ஏ, இன்னொரு முழுச் சவ்வு, இன்னொரு மூட்டைப் புரதம். குளுக்கோஸ் சிதையும் பாதையின் நடுநடுவே கிளைவழிகள் இருக்கின்றன. ஒரு கிளை டிஎன்ஏவுக்கான ரைபோஸ் என்ற சர்க்கரையையும் கொழுப்பு கட்டத் தேவையான என்ஏடிபிஎச் என்ற துணைப்பொருளையும் தருகிறது, இன்னொரு கிளை செரீன் என்ற அமினோ அமிலத்தைத் தருகிறது. எடுத்ததில் பெரும்பகுதி லாக்டேட்டாக வெளியேறினாலும், பாதையில் வெள்ளம் ஓடும்போதுதான் கிளைகள் வற்றாமல் இருக்கும்; லாக்டேட் உருவாகும் அந்தக் கடைசிப் படிதான் பாதை தொடர்ந்து ஓடத் தேவையான என்ஏடி+ என்ற துணைப்பொருளை மீட்டுக் கொடுக்கிறது. கருவில் வளரும் செல்லும், கிருமியைக் கண்டு பெருகும் நோய் எதிர்ப்புச் செல்லான டி செல்லும் இதே வழியைத்தான் கையாள்கின்றன. இது புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடித்த வித்தை அன்று, வளர்ச்சிக்கென உடல் வைத்திருந்த பழைய வித்தை. புற்றுச் செல்லில் அதன் சாவி திறந்தபடியே மாட்டிக்கொண்டுவிட்டது.

என் படத்தில் வாய் ஒன்றுதான் இருந்தது. உண்மையில் அந்தச் செல்லுக்குப் பல வாய்கள். குளுக்கோஸுக்கு அடுத்து அது குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தை விழுங்குகிறது. அதன் நைட்ரஜன் டிஎன்ஏவின் எழுத்துகளுக்குப் போகிறது, கார்பன் மைட்டோகாண்ட்ரியாவின் சுழற்சியில் குறைந்த இடத்தை நிரப்புகிறது. ஆக்சிஜன் குறைந்தால் எச்ஐஎஃப்-1 என்ற புரதம் விழித்துக்கொண்டு, குளுக்கோஸை உள்ளே விடும் வாயில்களைப் பெருக்குகிறது. செல் ஆக்சிஜனை உணரும் அந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காகத்தான் செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவரும் 2019இல் நோபல் பரிசு பெற்றார்கள். கணையப் புற்றுச் செல்களோ சுற்றியிருக்கும் திரவத்தையே மடக்மடக்கென்று குடித்து, அதில் மிதக்கும் அல்புமின் என்ற புரதத்தைச் செரித்து அமினோ அமிலமாக்கிக்கொள்கின்றன. ஒரு கட்டிக்குள்ளேயே ஒரு செல் உமிழ்ந்த லாக்டேட்டை இன்னொன்று எரிபொருளாக எடுத்துக்கொள்வதும் உண்டு. இத்தனை வழிகள் இருக்கையில், தட்டிலிருந்து ஒரு பொருளை அகற்றி அதை வீழ்த்திவிடலாம் என்று என் படம் ஒரு மனிதரை நம்பவைத்துவிட்டது.

உடலும் அதற்கு இடம் கொடுக்காது. நம் இரத்தத்தில் எந்த நேரமும் ஓடிக்கொண்டிருப்பது ஏறத்தாழ நான்கு கிராம் குளுக்கோஸ். அந்த நான்கு கிராம் குறையாமல் கல்லீரல் கண்ணும் கருத்துமாகக் காக்கிறது; குறைந்தால் மூளை தவிக்கும். உணவில் வராவிட்டால் தசைப் புரதத்தை உடைத்து, அந்த அமினோ அமிலங்களிலிருந்து குளுக்கோஸ் செய்கிறது. கட்டி உமிழும் லாக்டேட்டையும் கல்லீரல் மறுபடி குளுக்கோஸாக்கித் திருப்பி அனுப்புகிறது. கோரி தம்பதியின் பெயரால் நாம் உருப்போட்ட அந்தச் சுழற்சியின் கணக்கை நினைவுபடுத்திக்கொள்: கட்டிக்குக் கிடைப்பது இரண்டு ஏடிபி, கல்லீரல் செலவிடுவது ஆறு. தேர்வில் அந்த இரண்டையும் ஆறையும் எழுதி மதிப்பெண் வாங்கினேன். அண்ணனின் தோள்பட்டை எலும்பு சட்டைக்கு மேலே துருத்திக்கொண்டு தெரிந்த அன்றுதான் அந்த எண்களின் பொருள் எனக்கு விளங்கியது. அவர் பட்டினி கிடந்து தன் தசையைக் கரைத்து, அந்தக் கட்டிக்கே ஊட்டிக்கொண்டிருந்தார்.

பட்டினி போடும் வைத்தியமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நீ அதற்குள் பேனாவை எடுத்திருப்பாய். குறிபார்த்துப் போடும் பட்டினி உண்டு. 1953இல் கினிப்பன்றியின் சீரம் எலிகளின் நிணநீர்ப் புற்றைக் கரைப்பதை ஜான் கிட் என்ற ஆய்வாளர் கண்டார். அதில் இருந்த அஸ்பராஜினேஸ் என்ற நொதியே காரணம் என்பது பின்னால் தெரிந்தது. சில இரத்தப் புற்றுச் செல்களால், அந்த நொதி சிதைக்கும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைப் போதிய அளவு தாமே செய்துகொள்ள முடியாது. மற்ற செல்களால் முடியும். ஆகவே இரத்தத்திலிருந்து அதை நீக்கினால் பட்டினி கிடப்பது பெரும்பாலும் அந்தச் செல் மட்டும்தான். செல் பிரியத் தேவையான ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்க, உயிர்வேதியியலாளர் எல்லப்பிரகட சுப்பாராவின் குழு உருவாக்கிய ஃபோலிக் அமில எதிரிகளும் இந்த வகையே. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினைக் கொடுத்து மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948இல் இரத்தப் புற்று கொண்ட 16 குழந்தைகளில் 10 பேருக்குத் தற்காலிக மீட்சியைக் கண்டார். ஐடிஎச் மரபணு பிறழ்ந்த புற்றுகளில் ஒரு நொதி தடம் மாறி, 2-ஹைட்ராக்சிகுளுட்டரேட் என்ற பொருளைக் குவித்து, செல்லை முதிரவிடாமல் தடுக்கிறது. அந்த நொதியை அடக்கும் மருந்துகளும் 2017 முதல் வந்துவிட்டன. இவை ஒவ்வொன்றும், அந்தச் செல்லுக்கு எது இல்லாமல் முடியாது, மற்ற செல்களுக்கு எது இல்லாமல் முடியும் என்ற வேறுபாட்டைத் தேடிப் பிடித்ததனால் வந்தவை. குளுக்கோஸில் அந்த வேறுபாடு இல்லை. புற்றை எதிர்க்க வேண்டிய டி செல்லுக்கும் அதே குளுக்கோஸ்தான் வேண்டும். கட்டி அதைப் பறித்துக்கொள்வதோடு, உமிழ்ந்த அமிலத்தால் அதன் கையையும் கட்டிப்போடுகிறது.

அண்ணன் இப்போது சாப்பிடுகிறார். முதல் நாள் உணவியல் நிபுணர் பக்கத்தில் அமர்ந்து பேசிய பிறகும், ஒவ்வொரு கவளத்தையும் எடுக்கும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டே வாயில் வைத்தார். நோய்க்கு ஊட்டுகிறோமோ என்ற அச்சம் அந்தக் கண்ணில் இருந்தது. அந்தப் பார்வையை மறக்க எனக்கு வெகுகாலம் ஆகும். மூன்று வாரத்தில் ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறது, தள்ளிப்போன தவணையும் முடிந்துவிட்டது. நேற்று அவரே, பழைய தாளுக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று வரைந்து தரச் சொன்னார்.

என் படங்கள் அழகாக இருக்கும், அம்புக்குறிகள்தான் குறையும் என்று நீ அந்த நாளில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரே ஓர் அம்புக்குறி, உள்ளே போவது மட்டும். கல்லீரல் இல்லை, தசை இல்லை, டி செல் இல்லை, திரும்பி வரும் வழி எதுவும் இல்லை. புதிய படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன், பதினேழு அம்புகள் இருக்கின்றன. அவற்றில் எது தவறான பக்கம் திரும்பியிருக்கிறது, எது அண்ணனை மறுபடி பயமுறுத்தும் என்று சிவப்பு மையால் குறித்து அனுப்பு. நீ பார்த்து அனுப்பும் வரை அவர் கையில் கொடுக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். சட்டைப்பையில் இடம் ஒதுக்கிவிட்டுக் காத்திருக்கிறார்.

அன்புடன்,
நான்காம் மேசை