விண்டோஸ் 11 கணினிகளை விண்டோஸ் 10 என்று காட்டி உரிமம் முடக்கியது குறித்துப் புகார்

ஈரோடு
07.01.2026

அனுப்புநர்:
கணினிப் பராமரிப்புப் பிரிவு,
ஜவுளி மொத்த விற்பனை அலுவலகம், ஈரோடு.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
கணக்கு மென்பொருள் நிறுவனம், சென்னை.

பொருள்: இயங்குதளப் பதிப்பைத் தவறாகக் கணித்து 10 கணினிகளின் உரிமத்தை முடக்கியது, செய்யாத மேம்பாட்டுக்கு ரூ.2,360 வசூலித்தது.

ஐயா,

உங்கள் கணக்கு மென்பொருள் எங்கள் அலுவலகத்தில் 12 மேசைக் கணினிகளிலும் ஒரு சர்வரிலும் ஓடுகிறது. 2-ஆம் தேதி உங்கள் அப்டேட் இறங்கியதிலிருந்து 13-இலும் ஒரே அறிவிப்பு: “இந்தக் கணினியில் விண்டோஸ் 10 உள்ளது. பார்வையிட மட்டுமே அனுமதி.” பழைய பில்லைப் பார்க்கலாம், புது பில் போட முடியாது. டிசம்பர் மாத ஜி.எஸ்.டி.ஆர் 1 (விற்பனை விவர அறிக்கை) தாக்கலுக்கு 11-ஆம் தேதி கடைசி நாள் என்பதை ஜி.எஸ்.டி மென்பொருள் விற்கும் உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதில் உங்கள் மென்பொருளை ஓட விடமாட்டோம் என்று நீங்கள் முடிவெடுத்ததில் எங்களுக்குச் சண்டை இல்லை. 13-இல் 3 கணினிகள் உண்மையிலேயே விண்டோஸ் 10தான். பதிப்பு 22எச்2, பில்ட் (மைக்ரோசாஃப்ட் தரும் உருவாக்க எண்) 19045. அவற்றில் இருப்பது ஐ5 7400 சிப். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் சிப்களின் பட்டியலில் அது இல்லை என்பதால் புதுக் கணினிகளுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டோம். “செக்கிங்கைத் தாண்டி 11-ஐ ஏற்றித் தருகிறோம்” என்று உங்கள் ஹெல்ப்லைனில் ஒருவர் சொன்னார், வேண்டாம். அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, கணக்கு வைக்கும் கணினியில் அந்த விளையாட்டு ஆகாது.

பிரச்சினை மீதி பத்தில். 6 கணினிகளில் இருப்பது விண்டோஸ் 11 ப்ரோ 25எச்2, பில்ட் 26200. 3-இல் 24எச்2, பில்ட் 26100. சர்வரில் விண்டோஸ் சர்வர் 2022, பில்ட் 20348. எல்லாமே ஆதரவில் உள்ளவை. 24எச்2 ப்ரோவுக்கு 2026 அக்டோபர் 13 வரை, 25எச்2 ப்ரோவுக்கு 2027 அக்டோபர் 12 வரை கெடு இருக்கிறது.

இதை எங்கள் பேச்சை நம்பி ஏற்க வேண்டாம். விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தைச் சேர்த்து அழுத்தி, வரும் கட்டத்தில் வின்வெர் என்று தட்டி என்டர் கொடுத்தால் ஒரு சிறு பெட்டி திறக்கும். மேலே பெரிய எழுத்தில் விண்டோஸ் 11 என்றும், கீழே பதிப்பும் பில்ட் எண்ணும் இருக்கும். விண்டோஸ் விசையோடு ஐ அழுத்தி செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் அதே விவரம் எடிஷன், வெர்ஷன், ஓ.எஸ். பில்ட் என்று வரிவரியாகக் கிடைக்கும். பக்கத்தில் உள்ள காப்பி பொத்தானை அழுத்தி அப்படியே மின்னஞ்சலில் ஒட்டிவிடலாம். ஒரு கணினிக்கு அரை நிமிட வேலை. 13-க்கும் எடுத்து 3-ஆம் தேதியே உங்களுக்கு அனுப்பினோம். “எங்கள் கருவி 10 என்றுதான் காட்டுகிறது” என்பதே பதிலாக வந்தது.

இயங்குதளத்தைச் சோதிக்கும் உங்கள் கருவி ஏன் அப்படிக் காட்டுகிறது என்று பார்த்தோம். அது எழுதி வைக்கும் லாக் கோப்பிலேயே விடை இருக்கிறது. உங்கள் கருவி ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் தரவுத்தளம்) விண்டோஸ் என்.டி-யின் கரண்ட்வெர்ஷன் கிளையைத் திறந்து, அங்கே ப்ராடக்ட்நேம் என்ற மதிப்பைப் படிக்கிறது. புதிதாக நிறுவிய விண்டோஸ் 11-இலும் அந்த மதிப்பு “விண்டோஸ் 10 ப்ரோ” என்றுதான் இருக்கும். பழைய மென்பொருள்கள் தடுமாறக்கூடாது என்று மைக்ரோசாஃப்ட் மாற்றாமல் விட்ட பெயர் அது. கணினியின் கோளாறு அல்ல. அதே கிளையில் இப்படி நின்றுபோன மதிப்புகள் இன்னும் உண்டு. கரண்ட்வெர்ஷன் என்ற மதிப்பு 6.3-லேயே நிற்கிறது, அது விண்டோஸ் 8.1-இன் எண். ரிலீஸ்ஐடி 2009-லேயே நிற்கிறது. பலர் அதை ஆண்டு என்று நினைத்துவிடுகிறார்கள், 2020-ஆம் ஆண்டின் 09-ஆம் மாதம் என்பது அதன் பொருள். நம்பிப் படிக்க வேண்டியவை மூன்றுதான்: பதிப்புக்கு டிஸ்ப்ளேவெர்ஷன், பில்டுக்கு கரண்ட்பில்ட்நம்பர், பில்டில் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணுக்கு யூ.பி.ஆர்.

எங்கள் கணினிகளில் உங்கள் கருவி படித்த ப்ராடக்ட்நேமுக்கு நாலு வரி தள்ளி 26100 அல்லது 26200 என்ற சரியான பில்ட் எண் இருக்கிறது. அதைப் படிக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது தவறு உங்கள் இன்ஸ்டாலரில். மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவச் சொன்னீர்கள். ஒரு கணினியில் செய்து பார்த்தோம், இன்ஸ்டாலர் “விண்டோஸ் 8, 6.2.9200” என்றது. ஆக ஒரே கணினிக்கு உங்கள் இன்ஸ்டாலர் 8 என்கிறது, உங்கள் கருவி 10 என்கிறது, மேசைமேல் இருப்பதோ 11. இதற்கும் காரணம் தெரிந்ததே. விண்டோஸிடம் அதன் பதிப்பைக் கேட்க, இன்ஸ்டாலர் கெட்வெர்ஷன்எக்ஸ் என்ற பழைய அழைப்பைப் பயன்படுத்துகிறது. விண்டோஸ் 8.1 முதல், ‘நான் புதிய விண்டோஸை அறிந்தவன்’ என்று தன் மேனிஃபெஸ்ட் கோப்பில் சொல்லாத எந்த நிரலுக்கும் அந்த அழைப்பு 6.2 என்றே பதில் தரும். 6.2.9200 என்ற எண்ணைப் பார்த்த உடனேயே உங்கள் டெவலப்பருக்கு இது உறைத்திருக்க வேண்டும். மேனிஃபெஸ்டில் நாலைந்து வரி சேர்த்தால் முடிந்தது, இல்லையென்றால் ஆர்.டி.எல்.கெட்வெர்ஷன் என்ற அழைப்புக்கு மாறுங்கள், அது உள்ளதை உள்ளபடி சொல்லும்.

இதற்கு ஹெல்ப்லைன் சொன்ன வைத்தியம் நோயை விட மோசம். ஐகானில் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸில் கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் விண்டோஸ் 7-ஐத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்தத் தேர்வின் வேலையே நிரலிடம் ‘இது விண்டோஸ் 7’ என்று பொய் சொல்வதுதான். அதன்படி இன்ஸ்டாலர் 6.1.7601 என்று படித்து, “ஆதரவற்ற இயங்குதளம்” என்று மூடிக்கொண்டது. அந்த ஒரு கணினியில் டிக்கை எடுத்துவிட்டோம். இதே யோசனையை வேறு வாடிக்கையாளர்களுக்கும் சொல்லியிருந்தால் அவர்களைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

ஹெல்ப்லைனில் வைத்த மற்ற சோதனைகளும் இதே தரம். முதலில், ஸ்டார்ட் பொத்தான் நடுவில் இருக்கிறதா இடது ஓரத்திலா என்று கேட்டார்கள். இடது ஓரம் என்றதும் “அப்போது அது 10” என்று டிக்கெட்டை மூடிவிட்டார்கள். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க்பார் பக்கத்தில் இடது, நடு என்று இரண்டில் எதையும் வைத்துக்கொள்ளலாம். பில் போடுபவர்கள் பழகிய கைக்கு இடதுதான் வேண்டும் என்பார்கள். அதற்காக இயங்குதளம் மாறிவிடுமா? அடுத்து கமாண்ட் ப்ராம்ப்டில் வெர் என்று தட்டச் சொன்னார்கள். 10.0.26100 என்று வந்தது. “பாருங்கள், 10 என்றுதானே இருக்கிறது” என்றார் உங்கள் ஊழியர். விண்டோஸ் 11-இன் உள்ளெண்ணும் 10.0தான். மூன்றாவதாக வரும் எண்ணைப் பார்க்க வேண்டும்: 22000-இல் விண்டோஸ் 11 தொடங்குகிறது, விண்டோஸ் 10-இன் கடைசிப் பில்ட் 19045. கமாண்ட் ப்ராம்ப்டில்தான் பார்க்க வேண்டும் என்றால் சிஸ்டம்இன்ஃபோ என்று தட்டச் சொல்லுங்கள், ஓ.எஸ். நேம் என்ற வரியில் பெயர் சரியாகவே வரும்.

மூன்றாவதாக உங்கள் இணையதளத்தின் வாடிக்கையாளர் பக்கம். “உங்கள் கணினியைச் சோதிக்க” என்ற பொத்தானை அழுத்தினால் அங்கேயும் விண்டோஸ் 10 என்று வருகிறது. பிரவுசர்கள் தம்மைப் பற்றி இணையதளத்துக்கு அனுப்பும் யூசர் ஏஜென்ட் வரியில் விண்டோஸ் 10-க்கும் 11-க்கும் ஒரே வாசகம், விண்டோஸ் என்.டி 10.0. அதை வைத்து இரண்டையும் பிரிக்க யாராலும் முடியாது. குரோம், எட்ஜ் இரண்டிலும் கிளையண்ட் ஹின்ட்ஸ் (தளம் கேட்டால் பிரவுசர் தரும் கூடுதல் விவரம்) வழியாகப் பிளாட்ஃபார்ம் வெர்ஷனைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். 13 அல்லது அதற்கு மேல் என்றால் விண்டோஸ் 11. ஃபயர்ஃபாக்ஸ் அதைத் தராது. ஆகவே அந்தப் பொத்தான் தகவலுக்கு மட்டும் இருக்கலாம், உரிமத்தை முடக்கும் முடிவுக்கு அதை ஆதாரமாக வைக்கக் கூடாது. 4-ஆம் தேதி மின்னஞ்சலில் அதையே “இரண்டாவது உறுதிப்பாடு” என்று எழுதியிருக்கிறீர்கள்.

சர்வரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவசரத்தில் திருத்தினால் அடுத்த தவறு அங்கேதான் நடக்கும். ‘22000-க்கு மேல் என்றால் 11, கீழே என்றால் 10’ என்று ஒரு வரியில் முடித்தால், எங்கள் சர்வர் 2022 பில்ட் 20348 என்பதால் மறுபடியும் 10 ஆகிவிடும். சர்வர் 2025-இன் பில்ட் 26100, அதாவது விண்டோஸ் 11 24எச்2-இன் எண்ணேதான். அதை வைத்திருப்பவர்களின் சர்வர் உங்கள் கருவிக்கு விண்டோஸ் 11 ஆகத் தெரியும். பில்ட் எண்ணோடு இன்னொன்றும் கேட்க வேண்டும். டபிள்யூ.எம்.ஐ-யில் (கணினி விவரங்களை நிரல்களுக்குத் தரும் விண்டோஸ் வசதி) ப்ராடக்ட்டைப் என்ற மதிப்பு 1 என்றால் மேசைக் கணினி, 2 என்றால் டொமைன் கன்ட்ரோலர் (வலையமைப்பின் பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் சர்வர்), 3 என்றால் மற்ற சர்வர். அதே இடத்தில் கேப்ஷன் என்ற மதிப்பில் முழுப் பெயரும் சரியாக இருக்கிறது. எங்கள் கணக்கர்கள் இருவர் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக சர்வருக்குள் நுழைந்து வேலை செய்கிறார்கள். அந்தத் திரையில் ஓடும் உங்கள் கருவி படிப்பது சர்வரை, அவர்கள் முன்னால் இருக்கும் கணினியை அல்ல. உங்கள் பட்டியலில் அந்த இருவர் பெயரில் ஒரே கணினி இரண்டு முறை வந்திருப்பது இதனால்தான்.

சின்ன விஷயம் ஒன்று: உங்கள் அறிக்கையில் ஒன்பது கணினிகளும் “32 பிட்” என்று இருக்கின்றன. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் நிரலான உங்கள் கருவி ப்ராசசர்_ஆர்க்கிடெக்சர் என்ற மாறியைக் கேட்டால் எக்ஸ்86 என்றுதான் பதில் வரும். உண்மையான விடை ப்ராசசர்_ஆர்க்கிடெடபிள்யூ6432 என்ற மாறியில் இருக்கும்.

இனி பணம். 5-ஆம் தேதி உங்கள் பொறியாளர் வந்து இரண்டு கணினிகளுக்கு “இயங்குதள மேம்பாடு” என்று தலா ரூ.1,180 பில் போட்டார், ஜி.எஸ்.டி உட்பட. இரண்டும் அதற்கு முன்பே விண்டோஸ் 11 24எச்2. அவர் செய்தது, நிலுவையில் இருந்த மாதாந்திர அப்டேட்டை இறக்கி ரீஸ்டார்ட் செய்தது. அவர் வருவதற்கு முன்னும் போன பின்னும் எடுத்த வின்வெர் படங்களில் பதிப்பும் பில்டும் அதேதான். 26100-க்குப் பிறகு வரும் புள்ளிக்கு அப்பால் உள்ள எண் மட்டும் மாறியிருக்கிறது. அது மேம்பாடு அல்ல. கட்டணம் வாங்கிய பிறகும் உங்கள் கருவி அந்த இரண்டையும் 10 என்றே காட்டுகிறது.

எங்களுக்கு வேண்டியவை: 9 கணினிகளுக்கும் சர்வருக்கும் முழு உரிமம் நாளை 8-ஆம் தேதி மாலை 5 மணிக்குள் திரும்ப வேண்டும். கருவி திருந்தும்வரை சோதனையை எங்கள் உரிமத்தில் கைமுறையாக நிறுத்தி வையுங்கள். உங்கள் சர்வர் பக்கத்தில் அதற்கு வழி இருப்பதாக உங்கள் பொறியாளரே சொன்னார். ரூ.2,360 வந்த வழியிலேயே எங்கள் வங்கிக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். அடுத்த ஆண்டுச் சந்தாவில் கழிப்பதை ஏற்கமாட்டோம். 3 விண்டோஸ் 10 கணினிகள் முடக்கத்திலேயே இருக்கட்டும், ஆனால் புதுக் கணினி வந்ததும் அந்த உரிமங்களைக் கட்டணமின்றி மாற்றித் தருவதாக எழுத்தில் வேண்டும். ஹெல்ப்லைன் ஊழியர்கள் ஸ்டார்ட் பொத்தானைக் கேட்பதை விட்டு வின்வெர் படத்தைக் கேட்கட்டும்.

திருத்திய கருவியை வெளியிடும் முன் சோதிக்க எங்கள் கணினிகளைத் தரத் தயார். 19045, 20348, 26100, 26200 என நாலு பில்டும் ஒரே அறையில் இருக்கின்றன. நாலுக்கும் சரியான பெயர் சொன்னால் கருவி தேறியது என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புப் பிரிவு

இணைப்பு: 13 கணினிகளின் வின்வெர் படங்கள், உங்கள் கருவியின் லாக் கோப்பு, 5-ஆம் தேதியிட்ட இரண்டு பில்களின் நகல், அந்த இரு கணினிகளின் முன்பின் படங்கள்.