மலையம்மன் கோயில் படித் திருப்பணி: அங்கத்தவர்களுக்கு நிறைவு அறிக்கை

அன்புள்ள அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

வைகாசித் திருவிழாவுக்குக் கோயில் கதவு திறக்க முன்னர் முடித்துத் தருவோம் என்று சொன்ன வேலை, கதவு திறக்க மூன்று நாள் இருக்கையில் முடிந்தது. கணக்குத் தாள் மடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறது. பற்றுச்சீட்டுகள் கணக்குப்பிள்ளையிடம் உள்ளன, யாரும் கேட்டுப் பார்க்கலாம். ஆகவே பணத்தைப் பற்றி இங்கே எழுதவில்லை. "அடிவாரத்திலிருந்து உச்சி மட்டும் படி என்றுதானே சொன்னீர்கள், பாதியில் நிற்கிறதே" என்று கடையடியில் கேட்கிறவர்களுக்குத்தான் இந்த அறிக்கை.

கேட்பது சரி. முதல் திட்டம் உச்சி வரை கொங்கிறீற் படி. மாற்றியது சபைதான்.

மேல் பாதி வெறும் பாறை. அதில் உளியால் கொத்திய காலடிக் குழிகள் இருக்கின்றன. மேற்குச் சரிவில் குடைவின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாமல் வெட்டிய நீர்வடி விளிம்பும் உண்டு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறைப் பக்கத்திலும் இப்படி விளிம்பு வெட்டிய குகைகள் பல உள்ளன. எல்லாம் மிகப் பழையவை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் அதில் கை வைக்க முடியாது. அனுமதி கிடைத்தாலும் கை வைக்கக் கூடாது என்பதே சபையில் பெரும்பாலோர் எண்ணம். படையல் பொருட்கள் வைத்த மடைப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நம் பூட்டிமார் ஏறிய குழிகள் அவை. இன்னொன்று, வழுவழுப்பான பாறைமேல் ஊற்றிய கொங்கிறீற் பிடிக்காது. அடியில் தண்ணீர் புகுந்து நாலைந்து மாரியில் பெயர்ந்துவிடும். முன்பு யாரோ ஊற்றிய துண்டு புளியடிக்குக் கீழே கிடக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

இந்த மன மாற்றம் உகந்தை முருகன் கோயிலில் தொடங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். போன ஆடியில் கதிர்காமத்துக்கு நடந்த நம்மவர் சிலர், பொத்துவில், பாணமை தாண்டி உகந்தையில் தங்கினார்கள். அங்கே கீழே முருகன், மலை உச்சியில் வள்ளியம்மன். வெறுங்காலோடு பாறையில் ஏறி, சுனைத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு, மறுபக்கம் கடலைப் பார்த்து நின்றபோது ஒருவர் கேட்டார்: "நம்ம மலையில ஏன் சீமெந்து பூசப் போறம்?" அந்த வாக்குவாதம் குமண காடு முழுக்க நடந்தது. கதிர்காமம் போய்ச் சேரும்போதும் முடியவில்லை.

சரி, கீழ்ப் பாதிக்கு வருவோம். பழைய படிகள் ஒன்பது அங்குல உயரம், முழங்கால் நோகிறவர்களுக்கு அது தண்டனை. இப்போது உயரம் ஆறு அங்குலம், கால் வைக்க ஓரடி அகலம், இடையிடையே உட்காரத் திண்ணை. பெரும்போக வெட்டு முடியும் வரை வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. பங்குனியில்தான் தொடங்க முடிந்தது.

தொடங்கியதும் ஒரு பிழை செய்தோம். முதலில் ஊற்றிய பதினான்கு படிகளும் வயல் பாளம்போல் வெடித்துவிட்டன. மேசனாரைக் குறை சொன்னவர்கள் தயவுசெய்து அதை நிறுத்த வேண்டும். சாக்கை நனைத்து மூடி, ஏழு நாளாவது தண்ணீர் விடச் சொன்னவர் அவர்தான். மோட்டர் பழுதான அன்று, மேலே தண்ணீர் கொண்டுபோக ஆள் வைக்காதது நாங்கள். அந்தப் பதினான்கையும் உடைத்துத் திரும்ப ஊற்றினோம். அந்தச் செலவும் சுவரில் ஒட்டிய தாளில் தனி வரியாக இருக்கிறது, மறைக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எங்களுக்கே ஆச்சரியம். தாய்வழிக் குலங்களான குடிகள் முறைவைத்துச் செய்யும் குடி முறை திருவிழாவுக்கு இருக்கிறதே, தண்ணீருக்கும் குடி முறை வைத்தால் என்ன என்று கோயில் நிர்வாகியான வண்ணக்கர் ஐயா கேட்டார். ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள். தன் முறையில் படி காய்ந்தது என்ற பேர் வரக்கூடாது என்று, கச்சான் காற்று அடித்த நாட்களிலும் ஆண், பெண், பள்ளிப் பிள்ளைகள் என்று குடம் குடமாகச் சுமந்தார்கள். மோட்டர் திருத்தி வந்த பிறகும் ஒரு குடியார் குடத்தை விடவில்லை. அதன்பின் ஊற்றிய எதிலும் வெடிப்பில்லை.

கைப்பிடிக்குக் கல்வனைஸ் பைப் போட்டோம். மத்தியான வெயிலில் பிடிக்க முடியவில்லை என்று ஒரு ஆச்சி கையைக் காட்டி ஏசினார். இப்போது தும்புக் கயிறு சுற்றியிருக்கிறது. பொறியியல் படித்த இரண்டு பேர் சபையில் இருந்தும் இது ஒருவருக்கும் தோன்றவில்லை.

மேலே ஏற இயலாதவர்களுக்கு என்ன வழி? படி முடியும் இடத்துத் திண்ணைக்குத் தறப்பாள் பந்தல் போட்டோம். அங்கிருந்து கோயில் வாசல் நேரே தெரியும். இம்முறை அம்மனைக் குளிர்விக்கும் திருக்குளிர்த்திச் சடங்கு முடிந்ததும் பூசகரான கப்புகனார் குளிர்த்தித் தண்ணீரை அங்கே இறக்கிக் கொண்டுவந்து தெளித்தார். பந்தலுக்குக் கூரை போடுவதா என்று இன்னும் பேசவில்லை.

படைத்த பழங்களையும் கரும்பையும் அடிவாரத்தில் விட்டுப் போக வேண்டாம். யானை வருகிறது.

மிஞ்சிய சீமெந்துப் பைகள் மடத்தில் இருக்கின்றன. மாரிக்கு முன் பாவிக்காவிட்டால் கட்டிபட்டுவிடும். கிணற்றுக் கட்டுக்குக் கொடுப்பதா என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானிப்போம். கூட்டம் முடிந்ததும் பைப் தூண்களுக்குச் சாயம் பூசுகிறோம், பழைய சேர்ட் ஒன்று கொண்டு வாருங்கள்.

இங்ஙனம்,
திருப்பணிச் சபையார்